இடம் யாருடையது?

என் சமையல் வியாபாரத்தின் பெயரைப் பதிவதற்காக முதன்முதலாகப் பிரதேச செயலகத்துக்குப் போன அன்று விடாத மழை. பொகவந்தலாவைப் பக்கத்து ஆட்களுக்கு ஆனி மாதத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குடை பிடித்தாலும் முதுகு நனையும். காகிதங்களைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பெயர், அடையாள அட்டை எண், என்ன வியாபாரம் என்பதையெல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். வியாபாரம் நடக்கும் இடம் என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. சொந்த இடமென்றால் காணி உறுதியின் பிரதி வேண்டும். வாடகை இடமென்றால் உடன்படிக்கையின் பிரதி வேண்டும்.

நான் இருப்பது லயத்துக் காம்பரா, தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கென்று கட்டிய வரிசை வீட்டில் ஓர் அறை. சொந்தமில்லை. வாடகை என்று யாருக்கும் ஒரு சதம் கொடுத்ததுமில்லை. அம்மாவின் அம்மா பிறந்ததும் இதே லயத்தில்தான். நான்கு தலைமுறையாக ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறோம். நிலம் அரசாங்கத்தினது. 1992இல் அதைக் கம்பனிகளுக்கு 53 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். மலை, ஸ்டோர், பங்களா, லயம் எல்லாம் அதில் அடக்கம். உள்ளே குடியிருக்கிற எங்களிடம் எடுத்துக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. முகவரிக்கும் அதே கதைதான். தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அவ்வளவுதான் எழுதலாம். கடிதம் வந்தால் தோட்டத்து ஆபிசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது மனது வைத்துக் கொண்டுவந்தால்தான் கைக்குக் கிடைக்கும்.

கவுண்டரில் இருந்த மிஸ் நல்லவர். சிங்களமும் தமிழும் கலந்து, "மெனேஜர்கிட்ட லெட்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க அக்கா, நான் செஞ்சு தாரேன்" என்றார்.

அந்த ஒரு கடிதத்துக்கு 11 கிழமை ஆனது. பெரியதொரை, அதாவது தோட்டத்து மெனேஜர், லீவு என்றார்கள். கொழும்பு ஆபிசில் கேட்க வேண்டும் என்றார்கள். கடிதம் கொடுத்தால் நாளைக்கு நீ அந்த இடத்துக்கு உரிமை கேட்டு வந்து நிற்பாய் என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். கடைசியில் கிடைத்த கடிதம் நான்கு வரி. அதில் மூன்றாவது வரி, இந்த இடத்தின்மீது இவருக்கு எந்த உரிமையும் இல்லை என்பது. என் வியாபாரத்தின் முதல் ஆவணம் அதுதான். கோப்பில் இன்னமும் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன்.

என் தொழில் சமையல். எங்கள் பாடசாலையில் தரம் 1 முதல் 5 வரை 63 பிள்ளைகள். அவர்களுக்கான அரசாங்கச் சாப்பாட்டை நான்தான் சமைத்துக் கொடுக்கிறேன். முன்பு சில பாடசாலைகளுக்கு மட்டும் கிடைத்த சாப்பாடு இது. 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிவாக்கினார்கள். அதிபர் சேர் என்னைக் கூப்பிட்டு, "வெளியிலிருந்து ஆள் வந்தா லாரி ஏறாத நாளுக்குப் பிள்ளைங்க பட்டினி. நீங்க தோட்டத்துக்குள்ளேயே இருக்கீங்க, செய்ய முடியுமா?" என்று கேட்டார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. 2022இல் கோதுமை மாவு விலை ஏறியபோது ரொட்டியை நான்காக வெட்டி இரண்டு நேரத்துக்குக் கொடுத்த அம்மாக்களில் நானும் ஒருத்தி. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் சமைக்கப் போகிறேன் என்று நினைக்க உடம்பு சிலிர்த்தது.

பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தார். லயத்துக் குசினியில் சமைக்க அனுமதி தர முடியாது என்றார். புகை, தாழ்ந்த கூரை, பக்கத்திலேயே கழிவுநீர்க் கான். அவர் சொன்னது சரிதான். மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சமைக்கிற இடம் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும். தோட்டத்தில் மறுபடியும் கெஞ்சி, காய்கறித் துண்டில் தகரம் போட்டு ஒரு கொட்டில் கட்டினோம். சீமெந்துத் தரை, வலை அடித்த ஜன்னல், தண்ணீர் கொதிக்க வைக்கத் தனி அடுப்பு. கேஸ் கட்டுப்படியாகாத மாதங்களில் மிலாறுதான், தேயிலைச் செடியைக் கவ்வாத்துப் பண்ணும்போது வெட்டுகிற குச்சிதான், எரிகிறது. கவ்வாத்து நடக்கும் காலத்தில் கட்டுக்கட்டாகச் சேர்த்து அடுக்கி வைத்துவிடுவோம்.

என்னோடு இரண்டு பேர். ஒருவர் பக்கத்து லயத்து மாமி. 26 வருடம் கொழுந்து பறித்தவர், வலது தோள் தூக்க முடியாமல் போய் மலைக்குப் போவதை நிறுத்தினார். மற்றவள் கொழும்பில் வீட்டு வேலையில் இருந்து திரும்பி வந்த தங்கச்சி. விடியற்காலை மூன்று பேரும் அடுப்படியில். சோறு, பருப்பு அல்லது கௌபி, ஒரு கீரை, முட்டை நாளில் முட்டை. முட்டை நாளன்று ஒரு பிள்ளையும் லீவு போடுவதில்லை. மாமி கீரையை அரிவதைப் பார்க்க வேண்டும், கொழுந்து கிள்ளிய விரல் அல்லவா, நரம்பு தனியாக இலை தனியாக வந்துவிடும்.

மாமி ஒருநாள் சொன்னார்: "இத்தன வருசத்துல எங்கிட்ட யாரும் கிலோ கேக்காத வேல இதுதான் புள்ள."

வெளியில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டும். 2024இல் நாட்கூலியின் அடிப்படை 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 2021இல் வந்த 1000 ரூபாய்க்கு எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூலி ஏறும்போதெல்லாம் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் கேட்கிற கணக்கும் ஏறியது. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் கூலிதான். மழையில் கொழுந்து எங்கே இருக்கிறது கிள்ளுவதற்கு? அதனால்தான் இளம் ஆட்கள் மலையிறங்கிப் போகிறார்கள். போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இருக்க விரும்புகிறவர்களுக்குக் கொழுந்தைத் தவிர வேறொரு வேலை தோட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இனிமேல் சொல்லப் போவது கஷ்டமான பகுதி. சாப்பாட்டுக்காசு பிந்தி வரும். ஒரு தவணையில் இரண்டரை மாதம் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய், ஒரு நாளைக்கு 63 பிள்ளைகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. என் தோடு அடகுக்குப் போனது. அதன்பின் மகளின் சங்கிலி. டவுன் கடை முதலாளி அரிசியையும் பருப்பையும் எழுதிக் கொடுத்தார், முட்டைக்காரர் முடியாது என்றுவிட்டார். அவர் மீதும் கோபமில்லை, அவருக்கும் வட்டி ஓடுகிறது. யாரிடம் கேட்டாலும் "மேலிருந்து இன்னும் வரல" என்ற ஒரே பதில். அந்தக் கிழமை முட்டைக்குப் பதிலாக நெத்தலிதான். தரம் 2 பிள்ளை ஒன்று தட்டைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. நான் கொட்டிலுக்குள் போய்விட்டேன்.

அந்த மாதத்தில்தான் சித்தி மகன் டார்வினிலிருந்து பேசினான். அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போய், இப்போது ஒரு துப்புரவு ஒப்பந்தக் கம்பனியில் கணக்கு எழுதுகிறான். நான் அழுததைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அக்கா, இங்க அரசாங்கத்துக்கு ஒரு விதி இருக்கு, சின்ன பில்லுனா 20 நாளைக்குள்ள காசு குடுக்கணும், பிந்துனா வட்டியோட குடுக்கணும்" என்றான். 10 இலட்சம் டொலர் வரையான ஒப்பந்தங்களுக்கு இப்படி நடைமுறையாம். பில்லைக் கணினி வழியாக அனுப்பினால் 5 நாள். நான் அவனை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அதன்பின் அவன் சொன்னது இன்னொரு விடயம். அந்த நாட்டின் ஆதிக்குடிகள் நடத்துகிற வியாபாரங்களிடமிருந்து அரசாங்கம் பொருளும் சேவையும் வாங்கியே ஆக வேண்டும் என்று 2015 ஜூலை 1இலிருந்து ஒரு கொள்கை நடக்கிறது. அதற்கு முன், 2012–13இல், முழு மத்திய அரசும் அவர்களிடம் வாங்கியது 62 இலட்சம் டொலருக்குத்தான். கொள்கை வந்த பிறகு பத்து ஆண்டுகளில் பில்லியன் கணக்கில் போயிருக்கிறது. முதலில் 100 ஒப்பந்தத்துக்கு 3 என்று எண்ணிக்கையில் இலக்கு வைத்தார்கள். 2025 ஜூலையிலிருந்து பெறுமதியில் 3 வீதம், அதை 2030க்குள் 4 ஆக்க வேண்டும். என் மனதில் ஆழமாகப் பதிந்தது வேறொன்று: தூரப் பகுதிகளில் வேலை கொடுப்பதாக இருந்தால், ஊருக்கெல்லாம் கேள்விமனு கோருவதற்கு முன், அதைச் செய்யக்கூடிய ஆதிக்குடி வியாபாரம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முதலில் அவர்களைக் கேட்க வேண்டும். அதை எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அவர்களும் நாங்களும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் அந்த மண்ணின் முதல் மக்கள். இலங்கையில் அந்த இடம் ஆதிவாசிகளுக்கு, தம்பானைப் பக்கத்து வேடர்களுக்கு உரியது. எங்கள் ஆட்களை 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காக வெள்ளைக்காரன் கூட்டிவந்தான். பறிகொடுத்தது வேறு, வந்து சேர்ந்தது வேறு. அந்தக் கணக்குகளை ஒன்றாகக் கூட்டக் கூடாது. ஆனால் கம்பனி நிலத்தில் பிறந்து, கம்பனி நிலத்தில் உழைத்து, காகிதமில்லாமல் நிற்கிற நிலை எப்படி இருக்கும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

தம்பி குரல் பதிவொன்று அனுப்பினான். அதில் அவன் ஒரு இனத்தின் பெயரைச் சொன்னபோது என் காதில் "குறிஞ்சி" என்றுதான் விழுந்தது. குரிஞ்ஜி மக்கள். 1966இல் வேவ் ஹில் என்ற மாட்டுப் பண்ணையில் வேலை செய்தவர்கள், சுமார் 200 பேர், வின்சென்ட் லிங்கியாரி என்பவரின் தலைமையில் வேலையை விட்டுவிட்டு நடந்து வெளியேறினார்கள். மாவும் சீனியும் இறைச்சியும் தேயிலையும்தான் அவர்களுக்குப் பெரும்பாலும் கூலி. தேயிலை என்றதும் எனக்கு என்னவோ செய்தது. கூலிக்கென்று தொடங்கியது மண்ணுக்கான போராட்டமாக மாறி ஒன்பது வருடம் நடந்தது. 1975 ஓகஸ்ட் 16ஆம் திகதி பிரதமர் கோஃப் விட்லம் அங்கே வந்து, ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் உள்ளங்கையில் கொட்டினார். அன்று கிடைத்தது குத்தகைதான். முழு உரிமை 1986இல்தான் வந்தது.

மண்ணைக் கொட்டுகிற அந்தக் காட்சியின் படத்தைப் போனில் அப்பாவிடம் காட்டினேன். அப்பா கவ்வாத்துக்காரர், 40 வருடம் கத்தி பிடித்தவர். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் நீண்ட நேரம் பார்த்தார். "மண்ண மட்டுமா குடுத்தாரு, ஒறுதியும் குடுத்தாரா?" என்று கேட்டார். பதினொரு வருடம் கழித்து என்றேன். "சரி, குடுத்தானுங்கல்ல" என்றார். 7 பேர்ச் காணியும் வீடும் என்று எத்தனையோ தேர்தலாக அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடு என்று அறிவித்தபோது கூட்டத்தில் நின்றவர். எங்கள் லயத்துக்கு இன்னும் முறை வரவில்லை.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கில்லை என்பதைத் தம்பி மறைக்கவில்லை. மாட்டுப் பண்ணைகளில் சம கூலி என்று தீர்ப்பு வந்தபோது, சம்பளம் கொடுக்க மனமில்லாத முதலாளிகள் பல குடும்பங்களைப் பண்ணையை விட்டே அனுப்பிவிட்டார்களாம். 2015இல் தூரப் பகுதிகளுக்கென்று வந்த வேலைத் திட்டத்தில் உதவித்தொகைக்காகக் கிழமைக்கு 25 மணித்தியாலம் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும், தவறினால் காசை வெட்டுவார்கள். சாப்பாட்டுக் காசையே வெட்டியிருக்கிறார்கள். அதை இப்போது நிறுத்திவிட்டார்கள். ஊர் மக்களே என்ன வேலை தேவை என்று சொல்ல, அந்த வேலைக்குச் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம், லீவு, ஓய்வுகால நிதி எல்லாம் சேர்த்துக் கொடுக்கிற திட்டத்தை 2024இல் அறிவித்தார்கள், முதலில் 3,000 வேலைகள். வேறு ஆட்கள் ஆதிக்குடி ஒருவரின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு ஒப்பந்தம் வாங்குகிற மோசடியும் நடந்திருக்கிறது. அதனால் 2026 ஜூலையிலிருந்து 51 வீதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதியை இறுக்குகிறார்கள்.

இதையெல்லாம் கேட்டதிலிருந்து எங்கள் பக்கத்து உதவிகளை வேறு கண்ணால் பார்க்கிறேன். எங்களுக்கும் உதவி வந்திருக்கிறது, வரவில்லை என்று சொன்னால் பொய். கோழிக்குஞ்சு வந்தது. ஆடு வந்தது. என் அக்காவுக்குத் தையல் மெஷின் கிடைத்தது, நல்ல மெஷின். அக்கா மூன்று மாதம் ஆசையாகத் தைத்தாள். தோட்டத்தில் யார் மாதாமாதம் சட்டை தைப்பார்கள்? இப்போது அதன்மேல் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறாள். அதே தோட்டத்தில் ஒவ்வொரு வருடமும் பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. 2025க்கான துணி முழுவதும் சீனாவின் நன்கொடை. தையற்கூலி மட்டும் பெற்றோரின் பாடு, அதற்கு டவுனுக்குத்தான் போகிறார்கள். நூற்றுக்கணக்கான சீருடைகளைத் தைத்துத் தரும்படி தோட்டத்துப் பெண்களிடம் ஒரே ஒப்பந்தமாகக் கொடுத்தால் அக்காவின் மெஷின் மேலிருக்கிற சேலை தானாகக் கீழே இறங்கும். புள்ளக்காம்பராவுக்கு, அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு, கஞ்சியும் பயறும் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு வேண்டும். தோட்டப் பாதையோரத்துக் கான் வெட்ட ஆள் வேண்டும்.

பிரதேச சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதனால் தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க வழியில்லாமல் இருந்தது. வாக்கை நாங்கள் போடுவோம், பாதை வேறு ஊருக்குப் போகும். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்தன. தோட்டத்துக்குள் செலவழிக்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. அந்தக் காசைத் தோட்டத்து ஆட்களின் கை வழியாகவே செலவழிக்க வேண்டும் என்று யாராவது ஒரு சபையில் ஒரு தீர்மானம் போட்டால் போதும், மற்றச் சபைகளில் நாங்களே போய்க் கேட்போம்.

என்னிடமும் குறை இருக்கிறது. மாமிக்கும் தங்கச்சிக்கும் நான் இன்னும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை. சம்பளத்தில் 8 வீதம் அவர்கள் பங்கு, 12 வீதம் என் பங்கு, அதோடு நான் கட்ட வேண்டிய ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். மலையில் இருந்தவரை மாமிக்கு அது இருந்தது. என்னிடம் வந்த பிறகு இல்லை. காசு எப்போது வருமென்றே தெரியாதபோது மாதாமாதம் கட்டுவேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் அது அவர்களுடைய உரிமை. காசு நேரத்துக்கு வரத் தொடங்கினால் முதல் வேலையாக அதைத்தான் செய்வேன் என்று மாமியின் முன்னால் சொல்லியிருக்கிறேன், இங்கும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் என்னைப் போல் சமைத்துக் கொடுக்கிறவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் பெண்கள். போன மாதம் கோயில் மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். அடகுச் சீட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னபோது ஆறு பேரிடம் இருந்தது. அன்றே ஒரு கடிதம் எழுதினோம். பில் கொடுத்து 20 நாளைக்குள் காசு வேண்டும். ஒரு தவணைக்கான பொருள் வாங்க முற்பணம் வேண்டும். பதிவுக்கு இட உறுதி கேட்காமல், கிராம சேவகர் உறுதிப்படுத்திய வசிப்பிடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்றே கோரிக்கை. சங்கத் தலைவர் ஒருவர் தன்னுடைய கடிதத் தலைப்பில் அனுப்பலாம் என்றார். நன்றி சொல்லி வேண்டாமென்றோம். எங்கள் பெயரில், எங்கள் பதிவு எண்ணோடு போகட்டும்.

ஏழு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்குப் பயம், அடுத்த வருடம் சமையல் கைமாறிவிடுமோ என்று. அதில் ஒரு அக்கா மஸ்கெலியாப் பக்கம் இருக்கிறார், கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். அவரைக் கட்டாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமியும் நானும் அவர் வீட்டுக்குப் போகிறோம். மாமி ரொட்டி சுட்டு எடுத்து வருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை, எத்தனை கையெழுத்து இருக்கிறதோ அத்தனையோடு, பொலித்தீன் உறையில் போட்டுக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.